மில்டன்பெர்க்ல நான் ஒண்ணும் தொலைஞ்சு போகல

உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது, இப்படித் தள்ளி உக்காருங்க. மதுரை வண்டிதான? இப்பத்தான் ஒண்ணு கெளம்பிப் போச்சு. அடுத்தது வர நேரமாகும். நானா? நான் எந்த வண்டிக்கும் நிக்கல. வீட்டுல ஒரே புழுக்கம், சும்மா காத்தாட வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது காத்தாட வருவாங்களான்னு பாக்குறீங்க. வரப்படாதா? எவன் கேக்குறது?

நீங்க வெளியூரு போல. இல்லாட்டி என்னைத் தெரியாம இருக்காது. யாத்திரை தெய்வநாயகம்னு இந்த அருப்புக்கோட்டையில யாரை வேணாலும் கேளுங்க. முப்பது வருசம் பஸ் பிடிச்சு, ஊர்ச்சனத்தைக் காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம், ஆறுபடைவீடுன்னு கூட்டிட்டுப் போனவன். ஒரு பாசஞ்சரை, ஒத்த பாசஞ்சரை, எங்கயாச்சும் விட்டுட்டு வந்தேன்னு எவனாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்ட ஆளைப் பாத்து இப்ப அந்த டீக்கடைக்காரன் கேக்குறான், “அண்ணாச்சி, வீட்டுக்கு வழி தெரியுமா, ஆள் அனுப்பவா?”ன்னு. எல்லாப் பயலும் சிரிக்கிறான். என்னன்னு கேட்டா, நான் ஜெர்மனியில தொலைஞ்சு போயிட்டேனாம். மில்டன்பெர்க்னு ஒரு ஊரு. அங்க தொலைஞ்சு போயி, அழுதுக்கிட்டு நின்னேனாம். இதை ஊரெல்லாம் சொன்னது யாரு? என் வீட்டுக்காரிதான், வேற யாரு.

நடந்தது என்னன்னு நான் சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

எம் மக தமயந்தி அங்க ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறா. மாப்பிள்ளையும் அங்கதான். “அப்பா, நீங்க ஊரையெல்லாம் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுனீங்க, இந்தத் தடவ நாங்க உங்களைக் கூட்டிட்டுப் போறோம்”னு சொல்லி, ஆத்துல போற கப்பல்ல டிக்கெட் போட்டுட்டா. ரைன் ஆறு, மைன் ஆறுன்னு ரெண்டு. ராத்திரி கப்பல்ல தூங்கணும், காலையில ஒரு பழைய ஊர்ல எறக்கி விடுவாங்க, கோட்டை, கோயிலு, சந்தைன்னு சுத்திக் காட்டிட்டுத் திருப்பி ஏத்திக்குவாங்க. நம்ம யாத்திரை மாதிரிதான். அடுப்பும் அரிசி மூட்டையும் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனா வேலை சுத்தமில்ல தம்பி. நான் தொழில்காரன், எனக்குத் தெரியாதா? கைடுன்னு ஒரு பொம்பளை, கையில ஒரு நம்பர் அட்டையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னால போகுது. பின்னால திரும்பியே பாக்கல. அது பேசுறது நம்ம காதுல மாட்டுன கருவியில கேக்கும். சத்தம் கேட்டா ஆளு வந்துட்டதா அர்த்தமா? என் வண்டியில ஒரு பழக்கம். கெளம்பும்போது நான் சத்தம் கொடுப்பேன். அப்ப, “நான் வந்துட்டேன்”னு எவனும் சொல்லப்படாது. “பக்கத்து சீட்டு வந்தாச்சு”ன்னுதான் சொல்லணும். அவனவன் பக்கத்து ஆளுக்கு அவனவன் பொறுப்பு. இதை மாப்பிள்ளைகிட்ட எடுத்துச் சொன்னேன், அந்தக் கப்பல்காரங்ககிட்டச் சொல்லுங்கன்னு. “சரி மாமா, சொல்றேன்”னாரு. சொல்லல. முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிருச்சு.

அப்ப என் வீட்டுக்காரிக்கு எந்த சீட்டுன்னு கேக்குறீங்களா? சௌந்தரமா? அவளுக்கு எதுக்கு சீட்டு? அவ பின்னால அண்டா குண்டானோட உக்காருவா. சமையலுக்கு ஒரு ஆள் உண்டு, காய் நறுக்குறது, அரைக்கிறது, சாமானுக்குக் காவல் இருக்கிறது இவ. பாசஞ்சர் சாமி கும்பிட்டு வரும்போது சாப்பாடு தயாரா இருக்கணும்ல. கணக்குல அவ கெடையாது. அவ நம்ம ஆளு.

முத நாளு கொலோன்னு ஒரு ஊரு. அங்க இருக்கிற பெரிய மாதா கோயில் வாசல்ல, நானும் அவளும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போனோம். கோயில்னா கழட்டத்தான செய்யணும்? கைடு எங்களை ஒரு வாசல்ல உள்ள விட்டு இன்னொரு வாசல் வழியா வெளிய கூட்டிட்டுப் போயிருச்சு. வெறுங்காலோட சுத்தி வந்து பாத்தா, எங்க ரெண்டு சோடியச் சுத்தி நின்னு நாலு பேரு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கான். எனக்கு வந்ததே கோவம். இவளுக்குச் சிரிப்பு. அடுத்த ஊரு கோயிலுக்குச் செருப்போடயே உள்ள போயிட்டா. “ஏய்”ங்கிறேன். “அந்தச் சாமி ஒண்ணும் சொல்லலங்க”ங்கிறா. எப்படி இருக்கு கதை?

அவ அங்க ஒரு மாதிரி ஆயிட்டா தம்பி. முத ரெண்டு நாளு கப்பல் சமையக்கட்டுப் பக்கம் போயிப் போயிக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்துக்கிட்டு நின்னா. மூணாவது நாளு போகல. நாற்காலியில சாஞ்சு உக்காந்து, ரெண்டாவது காப்பி வேணும்னு வெரலக் காட்டுறா. அந்த வெள்ளைக்காரப் பையன் ஓடி வந்து ஊத்துறான். நாப்பது வருசத்துல எங்கிட்ட ரெண்டாவது காப்பி கேட்டவ இல்ல. பாலத்துக்கு அடியில கப்பல் போனா மேல நிக்கிற சனத்துக்கெல்லாம் கையாட்டுறா. தெரிஞ்சவனா தெரியாதவனான்னு கெடையாது. பாலம் வந்தா கையாட்டு.

ஒரு நாளு சாப்புடும்போது தமயந்தி கேட்டா, “ஏம்மா, இந்த ஊரு நல்லாருக்கா, காசி நல்லாருக்கா?”ன்னு. இவ சொல்றா, “காசி எனக்கு என்னடி தெரியும்? சத்திரத்து அடுப்படி நல்லாருக்கும். பெரிய அடுப்படி.” மாப்பிள்ளை என்னைப் பாக்குறாரு. எத்தனை தடவ காசிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்! வருசம் தவறினது கெடையாது. அந்த ஊருக்குப் போனாலே புண்ணியம். உள்ள போய்ப் பாத்தாத்தானா? நீங்களே சொல்லுங்க.

சரி, மில்டன்பெர்க்குக்கு வாறேன். நல்ல ஊருதான், இல்லன்னு சொல்லல. மரச்சட்டம் போட்டுக் கட்டுன பழைய வீடுக, நடுவுல சந்தைத் திடல், அதுல ஒரு செவப்புக் கல்லு நீரூத்து, மேல குன்றுல கோட்டை. அங்க ரெண்டு கோஷ்டி பிரிப்பாங்க. வேகமா நடக்குறவங்க கோட்டைக்கு ஏறலாம். மெதுவா நடக்குறவங்க கீழயே சுத்தலாம். என்னை மெதுவாக் கோஷ்டியில போட்டுட்டா எம் மக. என் மூட்டு வலியாம். பாதயாத்திரை போனவன் தம்பி நான்! சௌந்தரம் என்ன பண்ணா? அவளாப் போயி வேகமாக் கோஷ்டியில நின்னுக்கிட்டா. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மக வாங்கிக் குடுத்த கேன்வாஸ் ஷூவப் போட்டுக்கிட்டு. மகளும் மாப்பிள்ளையும் அன்னைக்கு சைக்கிள்ல ஆத்தங்கரை ஓரமாவே அடுத்த ஊருக்குப் போறோம்னு போயிட்டாங்க. அந்த ஊரு பேரு வெர்ட்ஹைம். கப்பல் சாயந்தரம் அங்க வரும், அவங்க கரையில நிப்பாங்க.

ஆக நாங்க ரெண்டு பேருதான். நான் தெளிவாச் சொன்னேன். “கோட்டையப் பாத்துட்டு அந்த நீரூத்துகிட்ட வந்து நில்லு. நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நீயா எங்கயும் போகாத.” தலைய ஆட்டுனா. அந்தத் தலையாட்டலை நம்புனேன் பாருங்க.

நீரூத்துகிட்ட நின்னேன், நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். என் கோஷ்டி போயிருச்சு. இவளக் காணல. வேட்டி கட்டுன ஆளு ஒருத்தன் நீரூத்துகிட்ட நிக்கிறானேன்னு சின்னப்பிள்ளைக வந்து பாத்துட்டுப் போச்சு. ஆமா, வேட்டிதான். மாப்பிள்ளை பேண்ட் போடச் சொன்னாரு. நான் போடல. எதுக்குப் போடணும்?

சரி, கப்பலுக்குப் போயிருப்பாளோன்னு ஓடுனேன். அந்தக் கப்பல்ல ஒரு முறை இருக்கு. ஆளுக்கு ஒரு அட்டை. எறங்கும்போது வாசல்ல இருக்கிற மிஷின்ல காட்டணும், டிங்குங்கும். ஏறும்போது காட்டணும், டிங்குங்கும். யாரு உள்ள, யாரு வெளியன்னு மிஷின் சொல்லிரும். எங்க ரெண்டு பேரு அட்டையும் என் சட்டைப் பையிலதான் இருக்கும். எப்பவும் அப்படித்தான். டிக்கெட்ட அவகிட்டக் குடுத்ததே இல்ல, அவளுக்கு என்ன தெரியும்? நான் ஓடிப் போன வேகத்துல பழக்க தோசத்துல ரெண்டு அட்டையையும் காட்டிட்டேன். டிங், டிங்.

உள்ள போயித் தேடுறேன். அறையில இல்ல. சாப்பாட்டுக் கூடத்துல இல்ல. சமையக்கட்டுக் கண்ணாடிகிட்டப் போயிப் பாத்தேன், அங்கயும் இல்ல. வேற எங்க இருப்பா? எனக்கு வேற இடம் தோணல. திருப்பி வெளிய ஓடிட்டேன். வாசல்ல நிக்கிற பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி யாருகிட்டயோ பேசிட்டு இருந்துச்சு. மிஷின்ல காட்டலையான்னு கேப்பீங்க. பொண்டாட்டியக் காணோம்னு ஓடுறவன் மிஷினுக்குக் கும்பிடு போட்டுட்டா ஓடுவான்?

அவ எங்க இருந்தா தெரியுமா? மேல்தட்டுல! அவ கோஷ்டி வேற தெரு வழியா நேராக் கப்பலுக்கு வந்திருச்சு. கப்பல்லயே சேலை கட்டுன ஆளு அவ ஒருத்திதான், அட்டையே இல்லாம அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே உள்ள விட்டிருக்கு. மேல போயி, காலை நீட்டி உக்காந்து, காப்பி வாங்கிக்கிட்டா. தனியா மேல போயி உக்காருவான்னு நான் கண்டேனா?

நான் ஊருக்குள்ள தெருத்தெருவா “சௌந்தரம், சௌந்தரம்”னு கூப்புட்டுக்கிட்டே திரிஞ்சேன். வெக்கம் பாக்கல. ஒரு பாலம் இருக்கு, வாசக்கோபுரமெல்லாம் வச்ச பாலம். உசரத்துல நின்னு பாத்தா சேலை தெரியும்னு அதுல ஏறுனேன். ஏறி நிக்கிறேன், கப்பல் வருது. எங்க கப்பல்தான். கெளம்பிருச்சு! மிஷின் கணக்குல நாங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கமே.

மேல்தட்டுல அவ உக்காந்திருக்கா. பாலம் கிட்ட வருது, எல்லாரும் உக்காந்துக்கிட்டுக் கையாட்டுறாங்க. இவளும் ஆட்டுறா. பாலத்துல நின்ன சனத்துக்கெல்லாம் ஆட்டுறா. எனக்கும் ஆட்டுனா தம்பி. நான் ரெண்டு கையையும் தூக்கி, துண்ட வீசி, “நிறுத்து, நிறுத்தச் சொல்லு”ன்னு கத்துறேன். இவ நல்லாச் சிரிச்ச முகமா, ஊரான் ஒருத்தனுக்கு ஆட்டுற மாதிரி, ஆட்டிக்கிட்டே பாலத்துக்கு அடியில போயிட்டா. நான் அந்தப் பக்கக் கைப்பிடிக்கு ஓடுனேன். அவ திரும்பிப் பாக்கல. முன்னால ஆத்தப் பாத்துக்கிட்டுப் போறா.

நான் வேணும்னா அப்பவே எப்படியாச்சும் போயிருப்பேன். எனக்கா வழி தெரியாது? போன் அறையில சார்ஜுல கெடந்துச்சு, அதான். கொஞ்ச நேரம் அந்தப் பாலத்துச் சுவத்துல உக்காந்தேன், மூட்டுக்கு ஓய்வு குடுக்கலாம்னு. அப்ப ஒரு பிள்ளை வந்துச்சு, கையில ரொட்டிக் கடைப் பையி. என்னையே பாத்துட்டு, “ஐயா, நீங்கள் தமிழோ?”ன்னுச்சு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேரு வதனி. “என்ன நடந்தது ஐயா? ஏன் அழுறியள்?”ங்குது. நான் எங்க அழுதேன்? ஆத்துக்காத்து கண்ணுல பட்டாத் தண்ணி வரத்தான் செய்யும்.

“என் வீட்டுக்காரி கப்பல்ல போயிட்டா”ன்னேன்.

“அப்ப அம்மா தொலையேல்லை. நீங்கள் எல்லோ தொலைஞ்சு போனியள்”னுச்சு.

சின்னப்பிள்ளை, விட்டுட்டேன். நல்ல பிள்ளை. கார்ல ஏத்திக்கிட்டு வெர்ட்ஹைமுக்குக் கூட்டிட்டுப் போச்சு. வழியில பேச்சுக் குடுத்துச்சு. யாத்திரைத் தொழில்னு சொன்னேன். “அம்மாவும் உங்களோட எல்லா இடமும் வாறவவோ?”ன்னு கேட்டுச்சு. வராம இருந்ததே இல்லம்மான்னேன். “அப்ப அவா கனக்க இடம் பாத்திருப்பா, என்ன?”ன்னுச்சு.

ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பாத்திருப்பாள்ல தம்பி? பஸ்ஸுல போகும்போது சன்னல் வழியா எம்புட்டோ தெரியுமே. அண்டாவ அடுக்குனா சன்னல் பாதி மறைஞ்சிரும், அது வேற.

வெர்ட்ஹைம் கரையில மகளும் மாப்பிள்ளையும் சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் கார்லருந்து எறங்குறதப் பாத்துட்டு தமயந்தி அரண்டு போயிட்டா. “அப்பா, நீங்க எப்படி இங்க? அம்மா எங்க?” நான் ஆத்துப் பக்கம் கையக் காட்டுனேன். வரட்டும்னு நின்னேன். கப்பல் வந்துச்சு. முத ஆளா எறங்குறா, கைடு கையப் பிடிச்சுக்கிட்டு, ராணி மாதிரி.

“பாலத்துல நான் நின்னேனே, பாத்தியா இல்லையா?”ன்னேன்.

“பாத்தேனே. கையாட்டுனேனே”ங்கிறா.

“கப்பல நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான?”

அதுக்கு அவ சொன்னா பாருங்க, மகளையும் மாப்பிள்ளையையும் வச்சுக்கிட்டு, அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையையும் வச்சுக்கிட்டு. “அலகாபாத்துல நீங்க வண்டிய நிறுத்துனீங்களா?”

தமயந்தி, “என்னம்மா அலகாபாத்து?”ங்கிறா. அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. சின்ன விசயம் தம்பி. சங்கமத்துல குளிச்சுட்டு எல்லாரும் ஏறுனாங்க, சத்தம் குடுத்தேன், பக்கத்து சீட்டெல்லாம் வந்தாச்சுன்னாங்க, வண்டிய எடுத்தாச்சு. இவ பாத்திரம் கழுவ ஆத்துக்குப் போனவ, வரல. அது எனக்கு எப்படித் தெரியும்? அவதான் யாரு பக்கத்து சீட்டும் இல்லையே. மத்தியானம் சோத்துக்கு நிறுத்தும்போதுதான் காய் நறுக்கலன்னு சமையக்காரன் சொன்னான். உடனே வண்டியத் திருப்புனேனா இல்லையா? பாசஞ்சரெல்லாம் சாப்புட்டு முடிக்கட்டும்னு கொஞ்சம் பொறுத்தேன், அம்புட்டுத்தான். பசியோட அவங்களை அலைய விட முடியுமா? போயிக் கூட்டிட்டு வந்தேன்ல? அன்னைக்கு வாயத் தொறக்காம வந்து பின்னால உக்காந்தவ, இம்புட்டு வருசம் கழிச்சு, வெள்ளைக்காரன் தேசத்துல வந்து சொல்றா. பாசஞ்சரை விட்டுட்டு வந்ததே இல்லன்னு நான் சொல்றது இன்னைக்கும் உண்மைதான். அவ பாசஞ்சர் இல்லியே!

இதையேதான் அங்கயும் சொன்னேன். மாப்பிள்ளை தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. தமயந்தி என்னைப் பாக்கவே இல்ல. சௌந்தரத்துக்குக் கோவமே வரல, அதுதான் எனக்குத் தாங்கல. சாதாரணமாச் சொன்னா, “அன்னைக்கு உங்க வண்டி போன ரோட்டயே பாத்துக்கிட்டு நின்னேங்க. பக்கத்துல கங்கை ஓடுது, அதப் பாக்கத் தோணல. இன்னைக்குத்தான் ஒரு ஆத்த நிம்மதியாப் பாத்தேன். அதைப் பாதியில நிறுத்தச் சொல்ல மனசு வரல.”

என்ன பேச்சு இது? எனக்குச் சுருக்குன்னுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஏன் தலை குனியணும்? அவளை ஜெர்மனி வரைக்கும் கூட்டிட்டுப் போனவன் நான். சரி, மக கூட்டிட்டுப் போனா. என் மகதான?

ஊருக்கு வந்த மறுவாரம், காசிக்குப் போறேன்னு சொன்னா. நான் தொழில விட்டு நாளாச்சு, வண்டி எங்க இருக்குன்னேன். “கதிரேசன் வண்டி போகுது”ங்கிறா. கதிரேசன் யாரு? எங்கிட்ட மூட்டை ஏத்துனவன்! இன்னைக்கு எனக்கே போட்டி. யாத்திரை தெய்வநாயகம் பொண்டாட்டி கதிரேசன் வண்டியிலயான்னு ஊரே கேக்கும், போகப்படாதுன்னேன். “ஊரு கேட்டா, நான் பாசஞ்சரா போறேன்னு சொல்லுங்க”ன்னா. சன்னலோரத்து சீட்டு. போயிட்டா. நான் வழியனுப்பக்கூட வரல. எதுக்கு வரணும்?

நானே பொங்கித் திங்கிறேன், ஒண்ணும் கொறைஞ்சு போகல. காய் நறுக்குறது என்ன பெரிய வித்தையா? வெரல்ல இது ஒண்ணுமில்ல, லேசாக் கீறுனது. அவ போன் பண்ணல. நானும் பண்ணல. மக போனுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கா, மக எனக்கு அனுப்புனா. கங்கையில படகுல உக்காந்து கையாட்டிக்கிட்டு இருக்கா. யாருக்கு ஆட்டுறாளோ.

அந்தா, காசிக்குப் போன வண்டிதான். கதிரேசன் வண்டி. இல்ல தம்பி, நான் அதுக்காக வரலைன்னுதான் முதல்லயே சொன்னேனே. வந்தது வந்துட்டேன், பாத்துட்டுப் போவோம். எறங்குறாங்க. நாடார் கடை அம்மா. தையக்காரர் வீட்டு ஆளுக. போஸ்டாபீஸ்காரரு. அவர் சம்சாரம். எங்க இவ? முன்பக்கமா எறங்குறாளா, பின்பக்கமா? நீங்க வளர்த்தியா இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கும். ஒல்லியா இருக்கும். இல்லையா? நல்லாப் பாருங்க தம்பி. சாமானெல்லாம் எறக்கிட்டான். கதவச் சாத்துறான் பாருங்க, திரும்பிக்கூடப் பாக்காம கதவச் சாத்துறான்.

ஏய் கதிரேசா! வண்டிய எடுக்காதடா! எண்ணிப் பாருடா, ஒரு ஆளு கொறையுது!